சட்டப் படிப்புக்கு எங்கே, எப்படி விண்ணப்பிப்பது? பிளஸ் டூ படிக்கும் தங்கைக்காக ஒரு கேள்வி

கேள்வி: கோவில்பட்டி அக்கா

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை இங்குள்ள அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் வணிகவியல் பிரிவு எடுத்து, இப்போதுதான் பிளஸ் டூ வகுப்புக்குள் நுழைந்திருக்கிறாள். ஆறாம் வகுப்பு முதல் அவள் படித்தது முழுவதும் அரசுப் பள்ளிகளில்தான். பிளஸ் ஒன்னில் 600-க்கு 521 மதிப்பெண் வாங்கினாள். அப்பா தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். நான் பி.காம். முடித்துவிட்டு ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான் என்பதால், இந்த விஷயத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள உறவினர்களில் யாரும் இல்லை.

அவள் நீதிபதியாக வேண்டும் என்கிறாள். இது நேற்று முளைத்த ஆசை அல்ல. தாத்தா காலத்து நிலத்தைப் பாகம் பிரிப்பது குறித்த வழக்கு ஒன்று எங்கள் வீட்டில் பதினொரு ஆண்டுகள் ஓடியது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போய்வருவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். தீர்ப்பு நகல் கைக்கு வந்த அன்று, அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உட்கார்ந்து படித்தது வீட்டில் அவள் ஒருத்திதான். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. புரியாத சொற்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். அந்த நோட்டு இன்னும் அவளிடம் இருக்கிறது.

இப்போது எங்களுக்கு ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். பள்ளி ஆசிரியை ஒருவர், கிளாட் என்ற நாடு தழுவிய சட்ட நுழைவுத் தேர்வை எழுதித் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால்தான் மதிப்பு என்கிறார். ஆனால் அந்தத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது, பயிற்சி நிலையங்கள் கேட்கும் தொகையும் எங்களுக்குப் பெரிது. பக்கத்து வீட்டுக்காரர், திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியே போதும், பேருந்தில் போய்வரலாம் என்கிறார். என் அலுவலகத்தில் ஒருவர், முதலில் ஒரு பட்டம் வாங்கிவிட்டுப் பிறகு மூன்றாண்டு சட்டப் படிப்புக்குப் போவதே விவேகம் என்கிறார். சென்னையில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளியைப் பற்றியும் கேள்விப்பட்டோம். இவற்றுள் எதற்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றொன்று தடைப்படுமா, நீதிபதி ஆவதற்கு எந்தக் கல்லூரி என்பது உண்மையிலேயே முக்கியமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: பொருநைக்கரை வழக்கறிஞர்

சகோதரிக்கு வணக்கம். நான் திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றங்களில் உரிமையியல் வழக்குகளை நடத்தி வருகிறேன். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி 1996-இல் தொடங்கப்பட்டது; அதன் தொடக்க கால மாணவர்களில் நானும் ஒருவன். எனவே என் பேச்சில் அந்தக் கல்லூரியின் மீதான பற்று இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியிலிருந்து தொடங்காமல், உங்கள் தங்கை போய்ச் சேர விரும்பும் இடத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதி பணிக்கான தேர்வை அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிறது. சட்டப் பட்டம் பெற்ற கையோடு இத்தகைய தேர்வை எழுதலாம் என்ற நிலை நாட்டில் பல ஆண்டுகள் இருந்தது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அதை மாற்றிவிட்டது. கீழ்நிலை நீதிபதிப் பதவிக்குப் போட்டியிட, வழக்கறிஞராகக் குறைந்தது மூன்றாண்டு தொழில் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மீண்டும் வந்துள்ளது. வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்தே அந்த மூன்றாண்டு கணக்கிடப்படும் என்பதும், பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவரின் சான்றும் அதன் மேல் நீதிமன்ற அதிகாரியின் ஒப்புதலும் தேவை என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆகவே உங்கள் தங்கைக்கு முன்னால் இருப்பது ஐந்தாண்டுப் படிப்பு மட்டும் அல்ல, எட்டாண்டுப் பயணம். அதில் கடைசி மூன்றாண்டை அவர் ஏதோ ஒரு நீதிமன்றத்தில், யாரோ ஒரு சீனியரிடம் ஜூனியராகக் கழிக்க வேண்டும்.

அந்த மூன்றாண்டு எப்படிப்பட்டது என்பதை யாரும் மாணவர்களிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது என் மனக்குறை. மாவட்ட நீதிமன்றத்தில் புதிய ஜூனியருக்குக் கிடைக்கும் தொகை, பேருந்துக்கும் உடைக்கும் புத்தகத்துக்கும் போதுமானாலே பெரிது. இளையவர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் ஊர்ப்புறங்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் 2024-இல் சுற்றறிக்கை அனுப்பியது. அது பரிந்துரை, எல்லா அலுவலகங்களிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆகையால் படிப்புச் செலவைக் கணக்கிடும்போது ஐந்தாண்டுக் கட்டணத்தோடு இந்த மூன்றாண்டுச் சாப்பாட்டுச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பதிவுக் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இனித் தமிழ் வழியைப் பற்றி. அதைக் குறையாகச் சொல்கிறீர்கள். நீங்கள் கேட்கும் பதவிக்கு அது குறையே அல்ல. தமிழ்நாட்டின் மாவட்ட, சார்பு, முன்சீப் நீதிமன்றங்களின் மொழி தமிழ். சாட்சி பேசுவதும், குறுக்கு விசாரணை நடப்பதும், பதிவாவதும் தமிழில்தான். உரிமையியல் நீதிபதி முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே தனித்தாள் உண்டு. சாட்சியத்தையும் ஆவணங்களையும் தீர்ப்புப் பகுதிகளையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்ற வேண்டும். புரியாத சொற்களை நோட்டில் எழுதி வைத்த பெண் அந்தத் தாளுக்கு ஏற்கெனவே படிக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளும் சட்ட நூல்களில் பெரும்பாலானவையும் ஆங்கிலத்தில் இருப்பதால், ஆங்கிலத்தைத் தவிர்க்க முடியாது. இன்றிலிருந்தே நாள்தோறும் ஒரு பத்தியாவது மொழிபெயர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் பரிந்துரை, திருநெல்வேலியோ மதுரையோ, மாவட்ட நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் உள்ள அரசு சட்டக் கல்லூரி. இரண்டாம் ஆண்டு விடுமுறையிலிருந்தே அவர் ஒரு சீனியரின் அலுவலகத்தில் போய் உட்காரலாம். பட்டம் வாங்கும் நாளில் அவருக்கு அந்த நீதிமன்றத்தின் முகங்கள் பழகியிருக்கும். தொலைதூரத்தில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்புபவர்கள் அந்தப் பழக்கத்தை இருபத்து மூன்று வயதுக்குப் பிறகு முதலிலிருந்து தேட வேண்டியிருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

பதில் 2: நான்காம் ஆண்டு மாணவி

அக்கா, வணக்கம். நான் ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் நானும் தமிழ் வழிதான். வழக்கறிஞர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கிளாட் எழுதவே வேண்டாம் என்ற பொருளில் அதை நீங்கள் எடுத்துக்கொண்டால் வருந்துவேன்.

முதலில் காலத்தைச் சொல்கிறேன். கிளாட் தேர்வு இப்போது டிசம்பர் மாதத்தில் நடக்கிறது. விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பே திறந்து, தேர்வுக்கு வெகு முன்னதாகவே மூடிவிடும். பிளஸ் டூ முடிவு வந்த பிறகு யோசிக்கலாம் என்று இருந்துவிட்ட என் வகுப்புத் தோழிகள் இருவர் ஓர் ஆண்டை இழந்தார்கள். டெல்லித் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் கிளாட்டில் சேராமல் ஐலெட் என்ற தனித்தேர்வை நடத்துகிறது, அதுவும் டிசம்பரில்தான். மாறாக, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டுக் கலந்தாய்வு நடத்துகிறார்கள். விண்ணப்பம் தேர்வு முடிவுகளை ஒட்டி, பெரும்பாலும் மே மாதத்தில் வரும். ஆகவே ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. ஆனால் கிளாட் கலந்தாய்வில் இடம் கிடைத்து, அதை உறுதிசெய்யப் பணம் கட்டும் கட்டம் இந்தப் பல்கலைக்கழகத்தின் கலந்தாய்வுக்கு முன்னாலேயே வந்துவிடக்கூடும். எந்தச் சுற்றுக்குப் பிறகு விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்காது என்பதைப் படிக்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டிவிடாதீர்கள்.

தேர்வைப் பற்றி. இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். ஒவ்வொரு தவறான விடைக்கும் கால் மதிப்பெண் கழியும். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டப் பகுப்பாய்வு, தருக்கம், எளிய கணக்கு என்று ஐந்து பகுதிகள் இருந்தாலும், உண்மையில் அது ஒரே ஒரு திறனைச் சோதிக்கும் தேர்வு: நீண்ட ஆங்கிலப் பத்தியை வேகமாகவும் பிழையின்றியும் படிக்கும் திறன். சட்டம் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேண்டிய விதியைப் பத்தியிலேயே தந்துவிடுவார்கள். எனக்கு முதல் மாதிரித் தேர்வில் பாதிப் பத்திகளைக்கூடத் தொட முடியவில்லை. ஆறு மாதம், காலை ஒரு மணி நேரம், ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தைச் சத்தமாகப் படித்து, பத்திக்கு ஒரு வரியில் தமிழில் சுருக்கம் எழுதினேன். எனக்குப் பெரிய பலன் தந்தது அதுதான். கட்டணப் பயிற்சி இல்லாமலும் தயாராகலாம். கிளாட்டை நடத்தும் கூட்டமைப்பே மாதிரி வினாக்களை இலவசமாக வெளியிடுகிறது. வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளைச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுவர, பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் தொடங்கிய ஐடியா என்ற அமைப்பு இலவசமாகப் பயிற்சி தருகிறது. தேர்ந்தெடுக்கும் மாணவர்களுக்குப் படிப்புக் காலத்திலும் துணை நிற்கிறது. உடனே அவர்களைத் தேடித் தொடர்புகொள்ளுங்கள்.

கிளாட்டில் 20-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இருப்பதைப் பார்த்து, வாய்ப்பும் அத்தனை மடங்கு என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலான மாநிலங்கள் தம் பல்கலைக்கழகத்தில் ஒரு பகுதி இடங்களைத் தம் மாநிலத்தவருக்கு ஒதுக்குகின்றன. அதே காரணத்தால், திருச்சி நாவலூர்குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் உங்கள் தங்கைக்கு மற்ற இடங்களைவிட வாய்ப்பு அதிகம். விருப்ப வரிசையை நிரப்பும்போது இதை மறக்க வேண்டாம். நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினராக இருந்தால், மாநில அரசு கேட்கும் சாதிச் சான்றிதழும் மத்தியப் பட்டியலின்படி வழங்கப்படும் ஓ.பி.சி. சான்றிதழும் வேறு வேறு. இரண்டையும் இப்போதே வாங்கி வையுங்கள்.

இனி நான் சொல்லத் தயங்கும் பகுதி. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் விடுதியோடு சேர்த்துச் செலவு ஆண்டுக்கு லட்சங்களில் வரும். உதவித்தொகை கிடைக்காத தோழிகள் வங்கிக் கடன் வாங்கித்தான் சேர்ந்தார்கள். நான்காம் ஆண்டு வந்தபோது அவர்களில் பலர், நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று முதல் நாள் சொன்னவர்கள், நிறுவன வேலைக்கான நேர்காணலுக்கு வரிசையில் நின்றார்கள். அவர்கள் மனம் மாறவில்லை. மாதத் தவணையை ஜூனியர் வழக்கறிஞரின் வருமானத்தில் கட்ட முடியாது, அவ்வளவுதான். ஐயா சொன்ன மூன்றாண்டு நிபந்தனையை இதனோடு சேர்த்துப் பாருங்கள். பெருங்கடன் வாங்கிச் சேரும் பெண்ணுக்கு நீதிபதிப் பாதை மூன்றாண்டுகள் கூடுதலாக விலகிப் போகிறது. எனவே என் கருத்து இதுதான்: கிளாட் எழுதட்டும், திருச்சியிலோ வேறு நல்ல இடத்திலோ பெரும்பகுதிக் கட்டணத்தை ஏற்கும் உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் தயங்காமல் சேரட்டும். முழுக்கடனில்தான் சேர முடியும் என்றால், நீதிபதியாக வேண்டும் என்ற உறுதியுள்ள பெண்ணை அங்கே அனுப்ப வேண்டாம். இங்கே எங்களுக்குக் கிடைக்கும் நூலகமும் மூட் கோர்ட் என்ற மாதிரி நீதிமன்றப் பயிற்சியும் விவாதச் சூழலும் உயர்வானவை; அந்தக் கடனுக்கு ஈடாகுமா என்பது அவரவர் போகும் இடத்தைப் பொறுத்தது.

பதில் 3: பட்டத்துக்குப் பின் சட்டம்

நான் பி.காம். முடித்து, நான்காண்டு வேலை பார்த்த பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. படித்தவன். உங்கள் அலுவலக நண்பர் சொன்ன வழி தவறானதல்ல. ஆனால் அது யாருக்குப் பொருந்தும் என்றால், சட்டம்தான் வேண்டும் என்று இன்னும் தெளிவு வராதவர்களுக்கு. உங்கள் தங்கைக்கு அந்த ஐயம் இருப்பதாகத் தெரியவில்லை. மூன்றும் மூன்றும் ஆறு என்று ஓராண்டு கூடும். அதற்கு மேல் தொழில் அனுபவத்துக்கான மூன்றாண்டு.

வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சட்டப் பட்டத்தை நேரடி வகுப்பில்தான் படிக்க முடியும். அஞ்சல் வழியில் பெற்ற சட்டப் பட்டத்தை வைத்துக்கொண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. அந்த விதியை முதல் ஆண்டில் நான் எளிதாக எடுத்துக்கொண்டேன்; ஒரு பருவத் தேர்வை எழுத முடியாமல் போன பிறகுதான் வேலையை விட்டேன். ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் இருபது வாரமும் மூன்றாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டு வாரமும் களப்பயிற்சி உண்டு. அந்த வாரங்களை யாரிடம் செலவிடுகிறார் என்பது கல்லூரியின் பெயரைவிட அதிகம் உதவும்.

கேட்டவர்: கோவில்பட்டி அக்கா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எட்டாண்டு என்ற கணக்கை நாங்கள் இதுவரை யோசிக்கவே இல்லை. தங்கையிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அவள் கலங்கவில்லை, ஆனால் அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. முதல் பட்டதாரிச் சலுகை என்ற கட்டணச் சலுகை கிடைக்கும் என்று நம்பி அதைக் கணக்கில் வைத்திருக்கிறோம். அது சட்டப் படிப்புக்கும் உண்டா? அடுத்து, ஒரு தனியார் கல்லூரியிலிருந்து தொலைபேசியில் பேசி, இப்போதே முன்பணம் கட்டினால் இடம் உறுதி, அசல் சான்றிதழ்களைப் பிறகு தந்தால் போதும் என்றார்கள். பேசியவர் மிகவும் அன்பாகத்தான் பேசினார். கட்டலாமா?

பதில் 4: மேல்நிலை ஆசிரியர்

சகோதரி, நான் அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஆண்டுதோறும் மாணவர்களின் விண்ணப்பங்களை உடன் இருந்து நிரப்பித் தருகிறேன். முதல் பட்டதாரிச் சலுகை சட்டப் படிப்புக்கும் உண்டு. ஆனால் உங்கள் தங்கைக்குக் கிடைக்காது. குடும்பத்தில் பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் ஆகிய ஒருவரும் பட்டதாரியாக இல்லாதபோதுதான் அந்தச் சான்றிதழ் தருவார்கள். நீங்கள் பி.காம். முடித்துவிட்டீர்கள். இந்த இடத்தில் பல குடும்பங்கள் கடைசி நேரத்தில் தடுமாறுவதைப் பார்த்திருப்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

ஆனால் அதைவிடப் பெரிய வாய்ப்பு ஒன்று உங்கள் தங்கைக்கு இருக்கிறது; உங்கள் கேள்வியில் அதை நீங்கள் குறிப்பிடாததால், தெரியாது என்று நினைக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டத்தை 2021-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகியவற்றோடு சட்டமும் அதில் அடங்கும். அந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அப்போதே அறிவிக்கப்பட்டது. எனவே தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தில் அரசுப் பள்ளி மாணவர் என்ற கட்டத்தைக் குறிக்கத் தவறிவிடாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து எந்தெந்தப் பள்ளியில் எந்தெந்த ஆண்டு படித்தார் என்பதற்கு ஒவ்வொரு தலைமையாசிரியரின் கையொப்பமும் வேண்டியிருக்கும். இடையில் பள்ளி மாறியிருந்தால், பழைய பள்ளிக்கு இந்தக் காலாண்டு விடுமுறைக்கு முன்பே ஒரு நாள் போய்வந்துவிடுங்கள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவருக்குக் கிடைக்கும். புத்தகச் செலவுக்கு உதவும்.

சீர்மிகு சட்டப் பள்ளியும், அரசு சட்டக் கல்லூரிகள் உள்ளிட்ட இணைப்புக் கல்லூரிகளும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தாலும் விண்ணப்பம் தனித்தனி. ஒன்றை நிரப்பிவிட்டு மற்றதும் சேர்ந்துவிட்டது என்று இருந்தவர்கள் உண்டு. சீர்மிகு பள்ளியில் ஹானர்ஸ் படிப்புகள், பி.ஏ. மட்டுமின்றி பி.காம்., பி.பி.ஏ. ஆகியவற்றோடு இணைந்த எல்.எல்.பி.யும் உண்டு. வணிகவியல் மாணவியான உங்கள் தங்கைக்கு பி.காம்., எல்.எல்.பி. இயல்பாகவே பொருந்தும். அங்கே போட்டி கடுமை, கட்-ஆஃப் உயரம், கட்டணமும் அரசு சட்டக் கல்லூரியைவிட அதிகம். இருந்தாலும் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அந்தக் கணக்கே மாறுகிறது. ஆகவே இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

தொலைபேசி அழைப்பைப் பற்றி: கட்ட வேண்டாம். தனியார் கல்லூரி என்பதற்காக நான் மறுக்கவில்லை. மிக நன்றாக நடத்தப்படும் தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. ஆனால் ஒரு கல்லூரியில் சேரும் முன், இந்திய பார் கவுன்சிலின் அங்கீகாரம் அந்தக் கல்லூரிக்கு மட்டுமல்ல, நீங்கள் சேரப்போகும் அதே படிப்புக்கும் நடப்பாண்டில் செல்லுபடியாகிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் பார்க்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத படிப்பை முடித்தவர் பட்டதாரியாக இருக்கலாம். வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாதவர் நீதிபதித் தேர்வுக்கும் வர முடியாது. அசல் சான்றிதழ்களை ஓரிடத்தில் ஒப்படைத்துவிட்டால், அரசுக் கலந்தாய்வு நாளில் அவற்றை மீட்கும் பாடு தனி.

பதில் 5: பொருநைக்கரை வழக்கறிஞர்

ஆசிரியர் சொன்ன 7.5 சதவீதம் என் நினைவுக்கு வராமல் போனதற்கு வருந்துகிறேன். என் காலத்தில் அது இல்லை. அது கிடைக்குமானால், திருநெல்வேலிதான் என்று நான் சொன்னதைத் தளர்த்திக்கொள்கிறேன். சென்னையில் சீர்மிகு பள்ளியில் விடுதியோடு இடம் கிடைத்தால், ஐந்தாண்டு அங்கே படித்துவிட்டு ஊருக்குத் திரும்பினாலும் பாதகமில்லை. விடுமுறைகளில் மட்டும் கோவில்பட்டி நீதிமன்றத்தில் யாராவது ஒரு சீனியரிடம் உட்காரட்டும்.

ஒரு வேண்டுகோள். எந்த விண்ணப்பத்தையும் நிரப்புவதற்கு முன், ஒரு வேலை நாளில் தங்கையை அழைத்துக்கொண்டு உங்கள் ஊர் சார்பு நீதிமன்றத்துக்குப் போங்கள். நீதிமன்ற அறை பொதுமக்களுக்குத் திறந்ததே. கைப்பேசியை அணைத்துவிட்டுப் பின் இருக்கையில் அமைதியாக உட்காரலாம். காலையில் வாய்தா போடும் பரபரப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாமல், சாட்சி விசாரணை தொடங்கும் வரை இருங்கள். கட்சிக்காரரின் மகளாக அவர் பார்த்த நீதிமன்றம் வேறு, அந்தப் பின் இருக்கையிலிருந்து பார்க்கும் நீதிமன்றம் வேறு.

கேட்டவர்: கோவில்பட்டி அக்கா

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஐயா சொன்னபடி போயிருந்தோம். காலையில் ஒன்றும் புரியவில்லை. பெயர் கூப்பிடுவதும் தேதி சொல்வதுமாகப் போயிற்று. மதியத்துக்குச் சற்று முன்னால் ஒரு வயதான அம்மாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அவர் சொன்னதை நீதிபதி தட்டச்சருக்கு எடுத்துச் சொல்லிப் பதிவு செய்தார். ஓரிடத்தில் அந்த அம்மா, “நான் அப்படிச் சொல்லலையே ஐயா” என்றார். நீதிபதி நிறுத்தி, மறுபடி கேட்டு, திருத்தச் சொன்னார். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டில் அன்றைய தேதியிட்டு, அந்த அம்மா சொன்ன வாக்கியத்தையும் பதிவான வாக்கியத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறாள்.

முடிவு இதுதான். கிளாட் எழுதுகிறாள், பயிற்சி நிலையம் இல்லாமல். ஐடியா அமைப்புக்கு எழுதியிருக்கிறோம். விருப்ப வரிசையில் திருச்சியை முதலில் வைப்போம். உதவித்தொகை இல்லாவிட்டால் சேருவதில்லை என்று அப்பா முன்னிலையில் பேசி வைத்துவிட்டோம். மே மாதத்தில் சீர்மிகு பள்ளி, இணைப்புக் கல்லூரி ஆகிய இரண்டு விண்ணப்பங்களையும் போடுவோம். எட்டாம் வகுப்பு வரை அவள் படித்த பழைய பள்ளிக்கு வரும் சனிக்கிழமை போகிறோம். அந்தப் பள்ளி இரண்டாண்டுக்கு முன்பு தரம் உயர்த்தப்பட்டுப் பெயர் மாறியிருக்கிறது. சான்றிதழில் பழைய பெயரைப் போட வேண்டுமா, புதிய பெயரைப் போட வேண்டுமா?

பதில் 6: மேல்நிலை ஆசிரியர்

அவர் படித்த காலத்தில் இருந்த பெயரையே எழுதி, தற்போதைய பெயரை அடைப்புக்குறிக்குள் குறிப்பிட்டுத் தலைமையாசிரியரின் முத்திரையோடு வாங்குங்கள். மாற்றுச் சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அதனோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பள்ளியைத் தரம் உயர்த்திய அரசாணையின் எண் அலுவலகப் பதிவேட்டில் இருக்கும்; அதையும் ஓரமாகக் குறித்து வாங்கிவிட்டால் கலந்தாய்வில் கேள்வி வராது. சனிக்கிழமை அலுவலகம் திறந்திருக்குமா என்று முதல் நாளே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.